மலாசன் தொடரில் அப்படி என்னதான் இருக்கிறது?

கேள்வி இது: ஸ்டீவன் எரிக்சனின் மலாசன் என்ற மாயமந்திர நாவல் தொடரை ஒரு கூட்டமே தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. ஆனால் முதல் புத்தகத்தில் நூறு பக்கம் தாண்டுவதற்குள் பெயர்களிலேயே தலை சுற்றுகிறது. இத்தனை சிரமப்பட்டுப் படிக்க அதில் என்ன இருக்கிறது?

பத்துப் புத்தகங்களையும் முடித்து, சிலவற்றை மறுபடியும் எடுத்துப் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கதையின் முக்கியமான இடங்கள் சிலவற்றைத் தொடாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் அந்தத் தலைச்சுற்றல். 1999இல் வந்த 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. முன்பின் தெரியாத ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பழைய பகை தெரியும், யார் யாரோடு பேசுவதில்லை என்று தெரியும், நமக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. பேல் நகரத்துக்கு மேலே ஒரு மலையே மிதந்துகொண்டு நிற்கிறது. அது எப்படி வந்தது என்று எந்தச் சிப்பாயும் இன்னொரு சிப்பாயிடம் கேட்பதில்லை. வருடக்கணக்காக அதன் நிழலில் சண்டை போடுகிறவர்கள் எதற்குக் கேட்க வேண்டும்?

இதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த உலகத்தை எரிக்சனும் அவருடைய நண்பர் இயன் எஸ்ல்மான்டும் 1982இல் தங்கள் ரோல்பிளேயிங் விளையாட்டுக்காக, அதாவது ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டுக்காக, உருவாக்கினார்கள். இருவருமே தொல்லியல்காரர்கள். எரிக்சன் மானுடவியலும் படித்தவர். நாவல் எழுத உட்கார்ந்தபோது அந்த உலகத்தின் போர்கள், துரோகங்கள், சாவுகள் பலவும் நடந்து முடிந்திருந்தன. குழி தோண்டும்போது முதலில் கைக்கு வருவது ஓட்டுச் சில்லு. அது எந்தப் பானையுடையது, பானை யார் வீட்டில் இருந்தது என்பதெல்லாம் பிறகுதான் தெரியவரும். எரிக்சன் கதையையும் அந்த வரிசையில்தான் தருகிறார்.

இந்தச் சிக்கலைப் புதிராக எண்ணி அவிழ்ப்பதில் இன்பம் காண்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். வரைபடம், வம்சாவளி, எந்தக் கடவுள் எந்தக் கடவுளின் மாறுவேடம் என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் என்னை இந்தத் தொடரோடு கட்டிப்போட்டது அது இல்லை. வரலாறு யாரைப் பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறதோ அவர்கள்மேல் இந்த எழுத்தாளர் வைத்திருக்கும் பரிவுதான்.

இரண்டாவது புத்தகம் 'டெட்ஹவுஸ் கேட்ஸ்' (2000). செவன் சிட்டீஸ் என்ற கண்டம் தன்னை ஆளும் மலாசன் பேரரசுக்கு எதிராகக் கொதித்தெழுகிறது. ஹிஸ்ஸார் நகரத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான அகதிகளை, பாதுகாப்பான ஏரன் நகரம்வரை ஒரு படை நடத்திக்கொண்டு போக வேண்டும். தளபதி கோல்டெய்ன், விக்கன் என்ற புல்வெளி இனத்தவன். ஒரு காலத்தில் இதே பேரரசை எதிர்த்துப் போரிட்டவன். கூடவே நடக்கும் டுய்க்கர் அரசாங்க வரலாற்றாசிரியர், வயதானவர். நமக்குக் கதை தெரிவது பெரும்பாலும் அவர் கண் வழியாகத்தான். தண்ணீர் இல்லை. வழியெங்கும் எதிரிகள். இந்த நிலைமையிலும் ஆற்றைக் கடக்க முன்னுரிமை கேட்டு மல்லுக்கு நிற்கிற பிரபுக்கள். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் படை சுருங்குகிறது, ஆனால் அகதிகளை விட்டுவிட்டு ஓடுவது என்ற பேச்சே எழுவதில்லை.

கடைசியில் அகதிகள் ஏரன் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். பின்னால் காவலாக வந்த கோல்டெய்னும் மிச்சமிருந்த வீரர்களும் மதில் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளே ஒரு பெரும்படை சும்மா நிற்கிறது; அதன் தலைவன் கதவைத் திறக்க மறுக்கிறான். மதில்மேல் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கோல்டெய்னைச் சிலுவையில் அறைகிறார்கள். அவன் உயிரை எடுத்துப்போகக் காக்கைகள் வானத்தை மூடிக்கொண்டு வருகின்றன. அந்த வேதனையை முடித்துவைக்க மதிலிலிருந்து ஒரு வில்வீரன் ஒரே ஒரு அம்பு விடுகிறான். காப்பாற்ற விட வேண்டிய அம்பைக் கொல்வதற்காக விட்ட அந்த மனிதனின் கை நடுக்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது. அதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த புத்தகத்தைத் தொடவும் சில வாரங்கள் மனம் வரவில்லை.

அந்தப் போர்க்களத்தில் இரண்டு நாய்கள் உயிர் பிழைக்கின்றன. ஒன்று விக்கன்களின் மாட்டுக்காவல் நாய் பென்ட், இன்னொன்று யாரோ ஒரு சீமாட்டியின் மடியில் வளர்ந்த குட்டி நாய் ரோச். பின்னால் வரும் புத்தகங்களில் வேறொரு படையின் ஓரத்தில் இந்த இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் நின்று ‘இவை அங்கிருந்து வந்தவை’ என்று பாடம் எடுப்பதில்லை. பார்த்ததும் நமக்கே தொண்டை அடைக்கும்.

தொடர் ஏன் இத்தனை நீளம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். மூன்றாவது புத்தகமான 'மெமரீஸ் ஆஃப் ஐஸ்' முடியும் இடத்தில், டரூஜிஸ்தான் நகரத்து மதுக்கடை ஒன்றில், போரில் தப்பிய சில சிப்பாய்களுக்கு நடுவே டுய்க்கர் உட்கார்ந்திருக்கிறார். பார்த்ததை யாரிடமும் சொல்ல வாயில்லாமல் இருந்தவர், அந்த இரவில் கோல்டெய்னின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார். அவர் தொடங்கியதும் புத்தகம் முடிந்துவிடுகிறது. அந்தக் கதை நமக்குத் தெரியும், அதனோடு நடந்திருக்கிறோம். முந்நூறு பக்க நாவலில் அந்த இடத்துக்கு இந்தக் கனம் வந்திருக்காது.

அதே புத்தகத்தில்தான் இட்கோவியன் வருகிறான். டிலான் இமாஸ் என்ற இனம், ஜாகுட் என்ற இன்னொரு இனத்தைக் கடைசி ஆள்வரை வேட்டையாட வேண்டும் என்பதற்காகவே தங்கள் சாவைத் துறந்து எலும்பும் தோலுமாக 3,00,000 ஆண்டுகள் அலைகிறது. முதல் புத்தகத்தில் நம்மைப் பயமுறுத்தும் உருவங்கள் இவை. இட்கோவியன் வெறும் மனிதன். பிறர் துயரத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்வது அவன் ஏற்ற பொறுப்பு. ஒரு நாள் அந்த இனம் முழுவதின் துயரத்தையும் வாங்கிக்கொள்ள அவன் முன்வருகிறான். அது அவன் உயிரைக் குடித்துவிடும் என்று தெரிந்தேதான். எதிரி யார், பாதிக்கப்பட்டவன் யார் என்று அதுவரை நான் போட்டு வைத்திருந்த கணக்கையெல்லாம் அந்த ஒரு அத்தியாயம் அழித்துவிட்டது.

ஐந்தாவது, 'மிட்நைட் டைட்ஸ்' (2004), இன்னொரு கண்டத்துக்குப் போய்விடுகிறது. லெத்தர் என்ற நாட்டில் கடன்தான் ஆட்சி செய்கிறது. அப்பனின் கடன் பிள்ளை தலையில் ஏறும். கட்ட முடியாதவன் வாழ்நாள் முழுக்க உழைத்தே தீர்க்க வேண்டும். மாயமந்திரக் கதை என்று நினைத்து எடுத்தவருக்கு வட்டி எப்படி ஒரு குடும்பத்தைத் தின்கிறது என்று காட்டுகிறார் எரிக்சன். மொட்டை மாடியில் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபடி அந்த அமைப்பையே கவிழ்க்கத் திட்டம் போடும் டெஹோலும், அவன் வேலைக்காரன் பக்கும் பேசிக்கொள்வதைப் படித்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

'தி போன்ஹன்டர்ஸ்' (2006) புத்தகத்தில் யகாட்டன் நகரம் எண்ணெயில் பற்றி எரிகிறது. உள்ளே சிக்கிய சிப்பாய்கள் கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நிலத்துக்கடியில் ஊர்ந்து தப்பப் பார்க்கிறார்கள். இருட்டில் வழி காட்டுவது ஓர் எலி. பாட்டில் என்ற பட்டப்பெயர் கொண்ட வீரன் தன் மனத்தை அதோடு பிணைத்திருக்கிறான். அவர்கள் ஊர்ந்து போவது அந்த நகரத்துக்குக் கீழே அடுக்கடுக்காகப் புதைந்து கிடக்கும் பழைய நகரங்களின் இடிபாடுகளுக்குள். அகழாய்வுக் குழிக்குள் இறங்கிய அனுபவம் உள்ளவரால்தான் அந்த மண்ணையும் மூச்சுத்திணறலையும் அப்படி எழுத முடியும்.

குறைகளும் உண்டு. கால வரிசை சில இடங்களில் ஒத்துப்போகாது. எட்டாவது புத்தகத்தின் முதல் பாதி மெதுவாக நகரும். எனக்கு அந்த மெதுவான நடை பிடிக்கும், பலருக்குப் பிடிக்காது. ஒன்பதாவதும் பத்தாவதும் உண்மையில் ஒரே நாவல், இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அதனால் ஒன்பதாவது அந்தரத்தில் நின்றுவிடும். அதே ஒன்பதாவதில் ஒரு பெண்ணுக்கு நடக்கும் கொடுமை மிகக் கடுமையானது. அப்படிப்பட்ட காட்சிகளைத் தாங்க முடியாதவர்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

நீங்கள் நின்றிருப்பது அநேகமாகப் பேல் நகரப் பகுதியில். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். பாத்திரப் பட்டியல் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே இருக்கிறது, தேவைப்படுகிற ஆட்கள் திரும்பத் திரும்ப வந்து தாங்களே மனத்தில் பதிந்துவிடுவார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் கதை டரூஜிஸ்தானுக்கு நகர்ந்ததும் கொஞ்சம் மூச்சு விடலாம். முதல் புத்தகத்தை வைத்துத் தொடரை எடை போடாதீர்கள். 'டெட்ஹவுஸ் கேட்ஸ்' கடைசிப் பக்கம்வரை படியுங்கள். அதற்கப்புறமும் மனம் ஒட்டவில்லை என்றால் இது உங்களுக்கான தொடர் இல்லை, தாராளமாக விட்டுவிடலாம். ஒட்டிவிட்டால், வெளியான வரிசையிலேயே பத்தையும் முடித்துவிட்டு, அதே உலகத்தில் நடக்கும் எஸ்ல்மான்டின் நாவல்களுக்குப் போங்கள்.