முதலிடத்தில் ஆள் எடுத்தும் 5-7 ஏன்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கன் ஃபுட்பாலில், பள்ளி வீரர்களைச் சேர்ப்பதில் ஒரே ஒரு ஆண்டின் தரவரிசையைப் பார்த்துக் கோப்பையைக் கணிக்க முடியாது; நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2022-இல் நாட்டிலேயே முதலிடம் பிடித்த புதுமுகங்களைச் சேர்த்தும் 5-7 (ஐந்து வெற்றி, ஏழு தோல்வி) என முடித்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பையன்கள் அப்போதுதான் பள்ளி முடித்து வந்தவர்கள். தாக்குதல் வரிசையில் மூன்றாம், நான்காம் ஆண்டு வீரர்களின் உடல் வலுவுக்கு அவர்களால் ஈடுகொடுப்பது கடினம். அப்புறம், அவர்களில் பலர் முதிர்வதற்குள் வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாறிப் போனார்கள். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

நீங்களே இப்படிச் சரிபார்க்கலாம்:

1. ஓர் அணி கடைசி நான்கு ஆண்டுகளில் பள்ளியிலிருந்து எடுத்த மொத்த வீரர்களை எண்ணுங்கள்.
2. அதில் நான்கு, ஐந்து நட்சத்திர வீரர்கள் (பள்ளி வீரர்களை மதிப்பிடுபவர்கள் தரும் உயர்ந்த மதிப்பீடுகள்) எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

2011 முதல் 2024 பருவம் வரை பட்டம் வென்ற எல்லா அணிகளும் இதில் 50 சதவீதத்தைத் தாண்டியவை. ஆனால் தாண்டியும் வெறுங்கையோடு திரும்பிய அணிகளே அதிகம்.

ஒரு எச்சரிக்கை: வேறு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வருபவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 2019 பருவத்தில் எல்எஸ்யு-வுக்கு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) கோப்பை வாங்கித் தந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோ பரோ, ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். 2021-க்குப் பிறகு மாறுவது இன்னும் சுலபமாகிவிட்டது.