சொல்லாமல் தூவிய கிருமி

கேள்வி: அமெரிக்கக் கடற்படை ஒருகாலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மேல் கிருமிகளைத் தூவிச் சோதித்துப் பார்த்ததாமே? நிஜக் கிருமி ஆயுதம் இல்லை, ஆபத்தில்லாத மாற்றுக் கிருமிதான் என்கிறார்கள். அப்படியானால் அதில் என்ன தவறு?

பதில்: நடந்தது உண்மைதான். 1950 செப்டம்பரில், கடலில் நின்ற கப்பலிலிருந்து செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியாவை நுண்துளிகளாகக் காற்றில் விட்டார்கள். கரையில் பல இடங்களில் மாதிரி எடுத்து, அந்தக் கிருமி மேகம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஊர் மக்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் குறிப்பாக இந்தக் கிருமி? லேபில் இதை வளர்த்துப் பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரியும். அகார் என்ற, கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டில் தடவி, சூடேற்றாமல் அறையிலேயே வைத்தால் போதும். ஓரிரு நாளில் ரத்தச் சிவப்பில் பொட்டுப் பொட்டாக எழும்பி நிற்கும். வேறு கிருமிகள் கலந்திருந்தாலும் வெறும் கண்ணாலேயே எண்ணிவிடலாம். தூரம் அளப்பவர்களுக்கு இதைவிட வசதி ஏது? அன்றைக்கு அதைச் சாதுவான கிருமி என்றே பலரும் நம்பினார்கள். இன்று அது உடல் தளர்ந்த நோயாளிகளைத் தாக்கக்கூடிய ஆஸ்பத்திரிக் கிருமி.

அந்த அக்டோபரிலிருந்து, நகரின் ஒரே மருத்துவமனையில் 11 பேருக்குச் செராஷியா தொற்று வந்தது. அவர்களில் எட்வர்ட் நெவின் என்பவர் இறந்துபோனார். டாக்டர்களுக்குக் காரணம் புரியவில்லை. இப்படியொரு தொற்று அபூர்வம் என்று மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். சோதனை விவரம் வெளியே வந்தது 1976-இல்தான். குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். கப்பலில் இருந்து வந்த கிருமிதான் கொன்றது என்று நிரூபணமாகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்த டாக்டர்கள் முதல் நோயாளியிலேயே உஷாராகியிருப்பார்கள். கிருமியைத் தூவியவர்கள் காற்றைத்தான் அளந்தார்கள், யாருக்காவது உடம்புக்கு வந்ததா என்று பார்க்க ஏற்பாடே செய்யவில்லை. ஆபத்தில்லை என்று அவர்களே முடிவு செய்துகொண்டதால் வந்த வினை இது. நெவின் குடும்பம் கால் நூற்றாண்டு எதுவும் தெரியாமலே இருந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் அது.

இது ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. 1966-இல் நியூயார்க் சுரங்க ரயில் பாதையில், வேறொரு பாக்டீரியாவை மின்விளக்குக் குமிழ்களில் அடைத்துப் போட்டு உடைத்தார்கள். 1949 முதல் 1969 வரை திறந்தவெளியில் 239 சோதனைகள் என்று ராணுவமே 1977-இல் செனட்டில் ஒப்புக்கொண்டது.