கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடுதல்: கேள்வி பதில்

(பதிலளிப்பவர் கும்பகோணத்தில் அச்சகக் கோப்புகளைப் பேணி வருபவர்.)

நாகப்பட்டினம்: ஐயா, மேக் கணினியிலிருந்து லினக்ஸுக்குப் படங்களை மாற்றியபோது ‘கும்பகோணம்’ என்ற ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கின்றன. இது எப்படி நேர்ந்தது?

பதில்: ‘கோ’ என்பதைக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியெண்களில் (எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு என்னும் பொதுத் தரம் தரும் எண்கள்) எழுதலாம், அக்குறியையே இரட்டைக்கொம்பு, கால் எனப் பிரித்து மூன்றிலும் எழுதலாம். இரண்டும் நிகரானவை என்று யூனிகோடு சொன்னாலும், லினக்ஸின் வழக்கமான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை பைட்டுகளை மட்டுமே ஒப்பிடுவதால், 30 பைட்டுப் பெயரும் 33 பைட்டுப் பெயரும் அதற்கு வெவ்வேறானவை. மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ முறைமை பிரித்தே சேமித்தது. சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். ஆனால் முதலில் படியெடுத்து வையுங்கள், இரண்டின் உள்ளடக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

சீர்காழி: ஜிப் கோப்பைப் பிரித்தால் பெயர்கள் புரியாத குறிகளாக வருகின்றன.

பதில்: பெயர்கள், யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் உள்ளன என்னும் அடையாளம் அந்த ஜிப்பில் இடப்படவில்லை. உள்ளடக்கம் பழுதாகவில்லை. அனுப்பியவரிடம் புதிய மென்பொருளில் மீண்டும் கட்டித் தரச் சொல்லுங்கள்.

மன்னார்குடி: பாமினியில் தட்டச்சிட்ட பெயர் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது.

பதில்: பாமினி, ஆங்கில எழுத்துகளின் குறியெண்களுக்குத் தமிழ் உருவம் தரும் பழைய எழுத்துரு. கோப்புப் பெயருக்கோ எழுத்துரு கிடையாது. யூனிகோடு மாற்றியில் இட்டு மாற்றுங்கள். அதற்கு முன் படியெடுங்கள்.

ஸ்ரீரங்கம்: எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினால் பாதிக் கோப்புகளே கிடைக்கின்றன.

பதில்: சிலர் ‘ஸ’ கொண்டும் சிலர் 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ கொண்டும் ஸ்ரீயை எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இவற்றை என்எஃப்சியும் இணைக்காது.

தஞ்சாவூர்: ‘ஶ’தானே முறையானது? மற்றதைப் பிழையென்று நீக்கிவிடலாமே.

பதில்: வடமொழி ஒலிப்படி தங்கள் வாதம் சரியே. ஆயினும் விசைப்பலகைகள் பல காலமாக ‘ஸ’ கொண்டே ஸ்ரீயை இட்டு வந்திருக்கின்றன. அக்கோப்புகளைப் பிழையென ஒதுக்கினால் பழைய சேகரிப்பே கைவிட்டுப் போகும். இரண்டு வடிவங்களையும் தேடுவதுதான் முறை.

திருவாரூர்: ‘திருவரங்கம்’ என்றே எழுதினால் இந்தச் சிக்கல் இல்லையே?

பதில்: மிக நன்று, இனி உருவாக்குபவற்றுக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். பத்திரங்களில் உள்ள பெயரை மட்டும் உள்ளபடியே விட வேண்டும்.

மயிலாடுதுறை: ஜிப்பில் பெயர்கள் சிதைகின்றன.

பதில்: சீர்காழி அன்பருக்குச் சொன்னதேதான், அருள்கூர்ந்து மேலே படியுங்கள்.

பாபநாசம்: தமிழ்ப் பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: ஈஎக்ஸ்டி4இல் 255 பைட்டு. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட்டு கொள்வதால் 85 குறியெண்கள் வரை. புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும்.