கிடாரும் மரமும்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

இருபது வருடத்துக்கும் மேலாகக் கிடார் பழுது பார்க்கிறேன். சிலவற்றைப் பலகையிலிருந்து தொடங்கி முழுதாகக் கட்டியும் இருக்கிறேன். மரம் பற்றி வந்த கேள்விகளுக்கு, பட்டறையில் கண்டதையும் படித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): அண்ணா, முதல் கிடார் வாங்கப் போகிறேன். கையில் பதினைந்தாயிரம் இருக்கிறது. கடையில் ஒன்று ரோஸ்வுட், இன்னொன்று மஹோகனி என்கிறார்கள். எதை எடுக்கலாம்?

தம்பி, அந்த விலையில் இரண்டுமே பெரும்பாலும் லேமினேட்தான். உள்ளே ஏதோ ஒரு மரம், வெளியே தாள் போல ஒரு ரோஸ்வுட் அல்லது மஹோகனி ஏடு. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க அதில் ஒன்றும் இல்லை. மேல்பலகை ஒரே மரமா என்று மட்டும் பாருங்கள். 'சாலிட் டாப்' என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். நடுவில் உள்ள வட்டத் துளையின் விளிம்பைக் கவனியுங்கள். மேலே ஓடும் மரக்கோடுகள் அப்படியே விளிம்பிலும் இறங்கினால் அது முழு மரம். விளிம்பில் சப்பாத்திகளை அடுக்கியது போல அடுக்குகள் தெரிந்தால் லேமினேட். மேலே முழு மரம், முதுகிலும் பக்கங்களிலும் லேமினேட் என்ற கிடார் உங்கள் பணத்துக்கு நல்ல கிடார். தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி (கோவை): மேல்பலகைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஸ்ப்ரூஸ், சீடர் மரங்கள் இரண்டுக்கும் கேட்டால் தெரிகிற வித்தியாசம் உண்டா?

கம்பி தனியாக எழுப்பும் சத்தம் மிகக் குறைவு. அதன் அதிர்வு, கம்பிகள் ஊன்றி நிற்கும் பிரிட்ஜ் கட்டை வழியாக மேல்பலகைக்குப் போய், அந்தப் பலகை காற்றைத் தள்ளும்போதுதான் நம் காதுக்கு நாதம் வருகிறது. ஸ்டீல் கம்பிக் கிடாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் பலகை அந்த இழுவையைத் தாங்க வேண்டும், லேசாக அதிரவும் வேண்டும். எடை குறைவாகவும் விறைப்பு அதிகமாகவும் உள்ள மரம் வேண்டும் என்பதால்தான் ஸ்ப்ரூஸ் இவ்வளவு காலமாக நிலைத்திருக்கிறது. அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் வளரும் சிட்கா ஸ்ப்ரூஸை இன்று அதிகம் பார்க்கிறோம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்காவில் அடிரோண்டாக் எனப்படும் சிவப்பு ஸ்ப்ரூஸ்தான் அதிகம் ஓடியது. பெரிய மரங்கள் தீர்ந்த பிறகு சிட்காவுக்கு மாறினார்கள்.

சீடர் இன்னும் லேசான, சற்று மென்மையான மரம். மெதுவாக விரலால் மீட்டினாலே திறந்து பேசும், கதகதப்பாக இருக்கும். பிக் என்ற மீட்டும் சில்லை வைத்து ஓங்கி அடித்தால் ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் ஏறாது, குழம்பும். ஸ்ப்ரூஸ் அந்த அடியைத் தாங்கிக்கொண்டு தெளிவாகவே நிற்கும். ஸ்பெயினில் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் என்ற கிடார் தயாரிப்பாளர் 1960களில் கிளாசிக்கல் கிடாருக்குச் சீடரைக் கொண்டுவந்தார். நைலான் கம்பியும் விரலும் அதற்கு நன்றாகப் பொருந்தின.

ஆனால் மரத்தின் பெயரைவிட அதைச் சீவிய கை பெரிது. பலகையின் விறைப்பு, தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் மாறும். தடிமனைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பு கால் பங்குக்கு மேல் போய்விடும். ஒரே தடியில் அடுத்தடுத்து அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் நல்ல தச்சர் அளவுகோலை மட்டும் நம்ப மாட்டார். பலகையை விரலால் தட்டிக் கேட்பார், கையில் வளைத்துப் பார்ப்பார், மறுபடியும் சீவுவார். பலகையைத் தாங்க உள்ளே ஒட்டும் பிரேசிங் கட்டைகளையும் அப்படித்தான் இழைப்பார். கிடாரின் குரல் பாதிக்கு மேல் அங்கேதான் பிறக்கிறது.

கேள்வி (சென்னை): கண்ணை மறைத்து வாசிக்க வைத்தால் யாருக்கும் மரம் தெரியவில்லை என்று ஒரு ஆராய்ச்சி சொல்கிறதாமே? அப்படியானால் எல்லாம் வியாபாரப் பேச்சுதானா?

நீங்கள் சொல்வது இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட சோதனை. ரோஜர் பக்னல் என்ற கிடார் தயாரிப்பாளர் அதற்காக ஆறு கிடார்கள் செய்து கொடுத்தார். வடிவம் ஒன்று, மேல்பலகை எல்லாவற்றிலும் சிட்கா ஸ்ப்ரூஸ். முதுகும் பக்கங்களும் மட்டும் வேறு வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சபேலி, வால்நட். மங்கலான வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு 52 பேர் வாசித்து மதிப்பெண் போட்டார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். மிக விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டுக்குத் தனி மரியாதை கிடைக்கவில்லை.

அந்த முடிவை நான் முழுமையாக நம்புகிறேன், என் அனுபவமும் அதுவே. ஆனால் அது முதுகுப் பலகையைப் பற்றிய சோதனை. மேல்பலகையில் ஒன்றுமில்லை என்று அது சொல்லவே இல்லை. மேல்பலகைதான் முக்கியம் என்பதை ஸ்பெயினின் கிடார் தச்சர் அன்டோனியோ டோரஸ் 1862இலேயே செய்து காட்டினார். முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேலே மட்டும் நல்ல ஸ்ப்ரூஸ் போட்டு ஒரு கிடார் கட்டினார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கிடார் தயாரிப்பாளர் பாப் டெய்லர் 1995இல், சரக்கு ஏற்றும் பேலட்டின் ஓக் பலகைகளை வைத்து ஒரு கிடார் செய்தார். மேல்பலகைகூட வீடு கட்டும் சாதாரணக் கட்டையில் அறுத்ததுதான். அதுவும் நன்றாகவே ஒலித்தது, சீவிய கைதான் காரணம்.

ரோஸ்வுட் பலகையை ஒரு ஓரத்தில் பிடித்துத் தொங்கவிட்டுத் தட்டினால் மணி போல நீளமாக ஒலிக்கும், மஹோகனி சட்டென்று அடங்கும். பட்டறையில் தினமும் கேட்கிற வித்தியாசம் இது. ஆனால் கிடாராகச் சேர்ந்த பிறகு அந்த முதுகு வாசிப்பவரின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. மணியைக் கையால் பொத்திக்கொண்டு அடிப்பதைப் போலத்தான்.

கேள்வி (ஊட்டி): கிடார்காரர்கள் சொல்லும் இந்தியன் ரோஸ்வுட் எங்கள் மலையில் நிற்கும் ஈட்டி மரமா?

அதேதான். தோதகத்தி என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் உலகக் கிடார்களுக்குள் போன கதை பலருக்குத் தெரியாது. பிரேசிலிலிருந்து மரத்தடி வருவது நின்றுபோன நிலையில், அமெரிக்காவின் மார்ட்டின் கிடார் நிறுவனம் 1969 இறுதியில் தன் புகழ்பெற்ற டி-28 போன்ற கிடார்களுக்கு இந்திய ரோஸ்வுட்டை எடுத்துக்கொண்டது. பிரேசில் ரோஸ்வுட்டின் பன்னாட்டு வணிகம் 1992இல் தடைசெய்யப்பட்டது. 2017இல் நம் ஈட்டி உள்பட அந்த இனத்து மரங்கள் எல்லாமே பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன. கச்சேரிக்குக் கிடாரோடு வெளிநாடு போகும் கலைஞர்கள்கூடக் கவலைப்பட்டார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது, பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இல்லை.

தமிழ்நாட்டில் 1990களில் இந்த மரத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது, பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று. வைரம் பாய்ந்த ஈட்டிக்குப் பல தலைமுறை ஆகும். உங்கள் ஊரில் நிற்பவை நிற்கட்டும். இன்றைக்கு ஜாவாத் தீவில் நட்டு வளர்க்கும் இதே மரம் நிறையக் கிடைக்கிறது, சோனோகெலிங் என்று பெயர்.

கேள்வி (யாழ்ப்பாணம்): மேப்பிள், கோவா பற்றியும் ஒரு வரி சொல்லுங்கோ.

மேப்பிள் சட்டென்று பேசி சட்டென்று அடங்கும், குழுவோடு வாசிக்கும்போது மற்றக் கருவிகளோடு கலந்து மங்காது என்பார்கள். கோவா ஹவாய்த் தீவின் மரம், விலையில் பாதி அதன் அழகுக்கு.

கேள்வி (தஞ்சாவூர்): வீணையும் மிருதங்கமும் பலாவில் செய்கிறோம். கிடார் ஏன் செய்வதில்லை?

அருமையான கேள்வி. வீணைக் குடத்தைக் கட்டையிலிருந்து குடைந்து எடுக்கிறோம். மிருதங்கத்தில் மரம் தோலைத் தாங்கும் கூடு. இரண்டுக்கும் வெடிக்காத, நீர்க்கசிவைத் தாங்கும், குடைய இசைவான மரம் வேண்டும். பலா அதற்கு அற்புதம். கிடாரின் மேல்பலகைக்கு அது கனம் அதிகம், மூன்று மில்லிமீட்டருக்குச் சீவினாலும் ஸ்ப்ரூஸின் விறைப்பும் லேசும் சேர்ந்து கிடைக்காது. ஆனால் முதுகுக்கும் பக்கத்துக்கும் தாராளமாகப் போடலாம். ஒன்று செய்து பார்த்தேன். மஹோகனிக்குப் பக்கத்தில் நிற்கிறது, மஞ்சள் நிறம் வருடா வருடம் பொன்னாக முதிர்கிறது.

கேள்வி (சென்னை): மழைக்காலத்தில் என் கிடார் மந்தமாகிவிடுகிறது. மரத்தில் குறையா?

இல்லை, ஈரம். மரம் ஈரத்தைக் குடித்தால் கனக்கும், மேல்பலகை உப்பும், கம்பி உயரும், கார்வை குறையும். ஏசி அறையில் நேர்மாறாக வற்றும், வெடிக்கவும் செய்யும். காற்றின் ஈரப்பதம் 45க்கும் 55 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால் கிடாருக்கு நிம்மதி. பெட்டிக்குள் சிலிக்கா பைகளைப் போட்டு, ஒரு சின்ன ஈரப்பதமானியும் வையுங்கள். வெயிலில் நின்ற காருக்குள் என் சீடர் கிடாரை ஒரு மதியம் மறந்துவிட்டேன். பசை இளகி பிரிட்ஜ் எழும்பி நின்றது. ஒட்டினேன், ஆனால் பழைய குரல் முழுதாகத் திரும்பவில்லை. இன்றும் அதை எடுக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும்.

கேள்வி (திருச்சி): கடையில் இரண்டு கிடாரை ஒப்பிட என்ன வழி?

இரண்டிலும் கம்பியின் பழமை ஒன்றா என்று முதலில் பாருங்கள். புதுக் கம்பி போட்ட சாதாரணக் கிடார் பழைய கம்பி போட்ட நல்ல கிடாரைத் தோற்கடித்துவிடும். சுருதி சேர்த்துக்கொண்டு, நண்பரை வாசிக்கச் சொல்லி நீங்கள் ஆறடி தள்ளி முதுகைக் காட்டி நில்லுங்கள். ஒரே பாட்டு, ஒரே வேகம், எது எதுவென்று அவர் சொல்லக் கூடாது. மூன்று முறை மாற்றி மாற்றி வாசித்தும் உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை எடுங்கள். விலைச் சீட்டை அதற்குப் பிறகு திருப்பிப் பாருங்கள்.