இன்ஜினை எங்கே வைப்பது? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய பந்தயக் கார்களைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து படிக்கிறேன். பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடம் ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வெல்டிங் மெஷின், பில்லர் டிரில், சின்ன லேத் ஒன்று வைத்திருக்கிறேன். 1950-களின் இத்தாலியப் பந்தயக் காரான மாஸரட்டி 250எஃப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அதுபோல ஒரு கார் கட்ட வேண்டும் என்று மனது அடித்துக்கொள்கிறது. பழைய மாருதி 800 ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறேன். அதன் இன்ஜினை முன்னால் வைத்து, நீளமான பானட்டோடு, சக்கரங்கள் வெளியே தெரியும்படி செய்வதாகத் திட்டம். தெர்மோகோலில் மூக்குப் பகுதியைச் செதுக்கி முடித்துவிட்டேன். இனி அதன்மேல் ஃபைபர் போட வேண்டும்.

நான் சரியான இடத்தில் ஆரம்பித்திருக்கிறேனா? "எவனோ செஞ்ச காரைக் காப்பியடிச்சு என்ன கிழிக்கப் போற" என்கிறார் என் மச்சான். அவருக்கு என்ன சொல்வது? கட்டி முடித்தால் எங்கே ஓட்டலாம்?

அன்புடன்,
ரா.

*

அன்புள்ள ரா.,

ஃபைபர் வேலையை இன்றைக்கே நிறுத்துங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினைத் தெர்மோகோல்மேல் நேராகப் பூசினால் தெர்மோகோல் கரைந்துவிடும். அந்த ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைத் தின்றுவிடும். நீங்கள் இழைத்த மூக்கு கண்ணெதிரே குழிந்து போகும். இடையில் பிளாஸ்டர் பூச்சு கொடுக்கலாம், எபாக்ஸி ரெசினுக்கு மாறலாம், வழி உண்டு. ஆனால் அந்த மூக்கை இப்போதைக்குப் பரண்மேல் வைத்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். இந்தக் காரை அதன் உடம்பிலிருந்து, அதாவது வெளிக்கூட்டிலிருந்து, ஆரம்பிக்கக் கூடாது.

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. 250எஃப் மனிதக் கை செய்த மிக அழகான பொருள்களில் ஒன்று. 1957-இல் அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபாஞ்ஜியோ தன் 5-ஆவது உலகப் பட்டத்தை வென்றது அதில்தான். ஆனால் அந்த அழகை யாரும் முதலில் வரைந்துவிட்டு உள்ளே இயந்திரத்தைத் திணிக்கவில்லை. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் நீண்ட இன்ஜின் அது. பானட் நீண்டதற்குக் காரணம் அதுதான். உங்களிடம் இருப்பது மூன்று சிலிண்டர், 796 சிசி. அதற்கு அந்த பானட்டைப் போட்டால் உள்ளே பாதி வெற்றிடமாக இருக்கும்.

வீட்டுப் பட்டறையில் பந்தயக் கார் கட்ட நினைக்கிற எவரும் மாஸரட்டியைவிட முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. 1946, லண்டனை ஒட்டிய சர்பிட்டன். போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பெட்ரோலுக்கு ரேஷன், இரும்புக்குத் தட்டுப்பாடு. பிரிஸ்டல் நகரத்து ஆர்வலர்கள் சிலர், 500 சிசி மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்து ஏழைக்கும் எட்டும் பந்தயக் கார் செய்யலாம் என்று ஒரு விதிமுறையை எழுதிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். சர்பிட்டனில் கராஜ் நடத்திய சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும், ஜானின் நண்பர் எரிக் பிராண்டனும் சேர்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். ஃபியட் 500, இத்தாலியர்கள் டோப்போலினோ என்று கூப்பிட்ட குட்டிக் கார், அவர்கள் கைக்குக் கிடைத்தது. அதன் முன்பக்கத்தில் குறுக்கே ஒரு பட்டைவில்லும் கீழே விஷ்போன் என்ற கவைபோன்ற கையுமாக ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன் இருந்தது. அப்படிப்பட்ட இரண்டு முன்பக்கங்களை எடுத்து, முதுகோடு முதுகு சேர்த்து வெல்டு வைத்தார்கள். கார் தயார்.

இனி இன்ஜின். ஸ்பீட்வே பைக்குகளில் ஓடிய ஜேஏபி ஒற்றை சிலிண்டர். அதை முன்னால் வைத்தால் பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோக நீளத் தண்டு வேண்டும், அந்தச் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்க டிஃபரன்ஷியல் வேண்டும். அவர்களிடம் இரண்டும் இல்லை. மோட்டார் சைக்கிள் இன்ஜின் என்றால் செயின்தான். செயின் குட்டையாக இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். ஆகவே இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. பெரிய தத்துவம் எதுவும் அதில் இல்லை, அதுதான் வசதியாக இருந்தது என்று ஜான் கூப்பரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

விளைவைப் பாருங்கள். தண்டு இல்லாததால் ஓட்டுநர் அதன்மேல் ஏறி உட்கார வேண்டியதில்லை, தரையோடு தரையாக உட்காரலாம். காரின் முகப்பரப்பு குறைந்தது, எடை குறைந்தது, கனமெல்லாம் நடுவில் திரண்டதால் வளைவில் சட்டென்று திரும்பியது. 1948-இல் ஸ்டெர்லிங் மாஸ் என்ற இளைஞர் ஒரு கூப்பர் 500 வாங்கிப் பந்தயத்தில் இறங்கினார். 1950-இல் அந்த 500 சிசி வகை சர்வதேச ஃபார்முலா 3 ஆனது. 1958-இல் அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் அதே மாஸ், இன்ஜினைப் பின்னால் சுமந்த கூப்பரில் பெரிய கார்களையெல்லாம் வென்றார். 1959, 1960 இரண்டு ஆண்டும் ஜாக் பிராபம் கூப்பரில் உலகச் சாம்பியன். 1961-இல் ஃபெராரியும் முழுதாக இன்ஜினைப் பின்னால் கொண்டுபோனது. ஒரு கராஜில் செயினைக் குட்டையாக வைக்க எடுத்த முடிவு, பதினைந்து ஆண்டில் உலகத்துப் பந்தயக் கார்களின் உருவத்தையே மாற்றிவிட்டது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம், உங்கள் கொட்டகையிலும் அதே கேள்விதான் நிற்கிறது. கையில் இருக்கும் பொருள் எங்கே உட்கார விரும்புகிறது? மாருதி 800-இல் இன்ஜின் குறுக்காக வைக்கப்பட்டு முன்சக்கரங்களை ஓட்டுகிறது. அதை முன்னால் நீளவாக்கில் திருப்பிப் பின்சக்கரத்தை ஓட்டவைக்க அந்த கியர்பாக்ஸ் உதவாது. முன்னால்தான் இன்ஜின் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் 800-ஐ விற்றுவிட்டுப் பழைய மாருதி ஆம்னி வேன் வாங்குங்கள். அதில் இன்ஜின் நீளவாக்கில் இருக்கிறது, பின்சக்கர ஓட்டம். ஆனால் என்னைக் கேட்டால், இன்ஜின், கியர்பாக்ஸ், சக்கரம் பூட்டும் ஹப் எல்லாவற்றையும் ஒரே கட்டாக உங்கள் முதுகுக்குப் பின்னால் நகர்த்துங்கள். இது உங்கள் ஊர்ப்பக்கம் நடந்து பார்த்த வழி. கோயம்புத்தூரின் பந்தயக் கார் வடிவமைப்பாளர் கரிவரதன் 1980-களின் இறுதியில் மாருதி இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துக் குறைந்த செலவில் ஒற்றை இருக்கைக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். பின்னாளில் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் பந்தய ஓட்டம் பழகியது அதில்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். இருந்திருந்தால் உங்கள் கடிதத்தை அவருக்குத்தான் அனுப்பச் சொல்லியிருப்பேன்.

வேலை தரையில் தொடங்கட்டும். கொட்டகைத் தரையைக் கழுவிக் காயவிட்டு, ஹெல்மெட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு, பந்தயக் காரில் சாய்ந்து உட்காருவதுபோல முதுகுக்குப் பலகை கொடுத்து உட்காருங்கள். மச்சானையே கூப்பிட்டு உங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். பெடலை மிதித்த நிலையில் பாதம், ஸ்டியரிங் பிடித்த நிலையில் முழங்கை, முழங்கால் எழும்பும் உயரம், எல்லாம் வேண்டும். பிறகு இன்ஜினை இறக்கி முதுகுக்கோட்டுக்குப் பின்னால் வைத்து அதைச் சுற்றியும் கோடு. அந்தக் கோடுகளுக்கு வெளியேதான் குழாய் ஓட வேண்டும். கார் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்பது உங்கள் உடம்பும் இன்ஜினும் சேர்ந்து சொல்லும் கணக்கு.

சேசிஸுக்கு, அதாவது காரின் எலும்புக்கூட்டுக்கு, ஜிஐ பைப் மட்டும் வேண்டாம். துத்தநாகப் பூச்சை வெல்டு செய்தால் வரும் புகை காய்ச்சலில் தள்ளும், வெல்டும் சரியாகப் பிடிக்காது. கறுப்புக் குழாய் வாங்குங்கள். சமமான மேசை முக்கியம், இரண்டு ஐ-பீம்களை ரசமட்டம் பார்த்துப் படுக்க வைத்தால் போதும். முழுச் சேசிஸையும் புள்ளி வெல்டாக டேக் மட்டும் அடித்து நிறுத்திவிட்டு, மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். அதன்பிறகும் ஒரே மூலையில் தொடர்ந்து வெல்டு இழுக்காதீர்கள். முன் இடது, பின் வலது என்று தாவித் தாவிப் போங்கள். ஒரே இடத்தில் சூடு ஏறினால் குழாய் இழுத்துக்கொள்ளும். பத்து மில்லிமீட்டர் இழுத்த சேசிஸை எந்த அலைன்மென்ட்டாலும் நேராக்க முடியாது.

சஸ்பென்ஷனில் கூப்பர்கள் செய்ததையே செய்யுங்கள். இன்னொரு 800-இன் முன்பக்கத்தைப் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி ஒரு பழைய பார்ட்ஸ் சந்தையில் தேடிப் பிடியுங்கள். ஒரு முன்பக்கம் பின்னால், ஒரு முன்பக்கம் முன்னால். பின்னால் போகும் நக்கிளில், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கணுவில், ஸ்டியரிங்குக்கான கை இருக்கும். அதைச் சும்மா விட்டால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். நீளம் திருத்தக்கூடிய கம்பியால் அந்தக் கையைச் சேசிஸோடு பூட்டிவிட வேண்டும். பின்னால் மாருதியின் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண், உயரமாக நிற்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். 1957-இல் லோட்டஸ் 12 பந்தயக் காரில், லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கிய காலின் சாப்மன் பின்னால் வைத்ததும் ஸ்ட்ரட்தான், காலத்துக்குப் பொருந்தும். முன்னால்தான் அது உறுத்தும். அங்கே ஸ்ட்ரட்டைக் கழற்றிவிட்டு, நக்கிளின் மேல்முனைக்கு ஒரு பிராக்கெட் செய்து, மேலும் கீழும் விஷ்போன் கட்டுங்கள். சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராக் மாருதியில் அச்சுக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கம் இருக்கட்டும். பிறகு ஸ்பிரிங் போடாமல் ஜாக்கியால் சக்கரத்தை மேலே கீழே ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஸ்டியரிங்கைத் தொடாதபோதே சக்கரம் இடதோ வலதோ திரும்பினால் ராக்கின் உயரம் தவறு. இதற்கு ஒரு வாரம் செலவானாலும் செலவு செய்யுங்கள். இதைச் சரிசெய்யாத கார் ஒவ்வொரு மேட்டிலும் உங்கள் கையைப் பிடுங்கும்.

பிரேக்கில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர், நடுவே பங்கைத் திருத்தும் பார். பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் கார் சுழலும். முன்சக்கரம் முதலில் லாக் ஆகும்படி வைத்துக்கொண்டு அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள்.

இவ்வளவு தூரம் பழையவர்களைப் பின்பற்றச் சொன்ன நான், ஒரு விஷயத்தில் அவர்களைப் பின்பற்றவே கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன். 1950-களின் பந்தயக் கார்களில் உருளும்போது தலையைக் காக்கும் வளையம் கிடையாது, பெல்ட் கிடையாது. ஃபார்முலா ஒன்னில் அந்த வளையம் கட்டாயமானது 1961-இல்தான். அதற்குள் எத்தனை இளைஞர்கள் போனார்கள் என்பது அந்தக் காலத்து வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஹெல்மெட்டுக்கு மேலே எழும் வளையம், தையலில்லாத குழாயில், பின்னோக்கி இரண்டு தாங்குகளோடு வைத்தே ஆக வேண்டும். அதோடு பந்தய பெல்ட். வளையம் இல்லாமல் பெல்ட் மட்டும் மாட்டுவது இன்னும் ஆபத்து. அந்தக் காலத்துப் பல கார்களில் ஓட்டுநரின் இடுப்புக்கு இருபுறமும் பெட்ரோல் டேங்க் வைத்தார்கள். உங்கள் டேங்க் இரும்புத் தடுப்புக்குப் பின்னால் இருக்கட்டும். படத்தில் வளையம் அழகைக் கெடுக்கும் என்று தோன்றினால், உங்கள் வீட்டில் காத்திருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

காரின் உடம்பு கடைசியில். ஃபைபரைவிட அலுமினியத் தகட்டையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் தட்டி எடுத்த தகட்டின் மெல்லிய மேடுபள்ளத்தில்தான் அந்தக் காலத்துக் களை இருக்கிறது. டிங்கரிங் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. மணல் மூட்டை, மரச் சுத்தியல் போதும். தட்டத் தட்டத் தகடு விறைத்துப்போகும், சூடுகாட்டி இளக்க வேண்டும். அலுமினியம் இரும்புபோலச் சிவந்து காட்டாது, நிறம் மாறாமலே சட்டென்று உருகி ஓட்டை விழுந்துவிடும். அதற்கு ஒரு பட்டறை வழி இருக்கிறது. சோப்புக்கட்டியைத் தகட்டின்மேல் தேய்த்துவிட்டு அடியிலிருந்து தீ காட்டுங்கள். சோப்புக் கோடு கருத்ததும் தீயை எடுத்துவிடுங்கள். ஆறியபின் தகடு கைக்கு வளைந்து கொடுக்கும். ரேடியேட்டர் மூக்கில் இருக்கப்போவதால் முன்வாய் உங்களுக்கு உண்மையாகவே தேவை. பரணில் இருக்கும் தெர்மோகோல் மூக்கை அப்போது எடுத்துப் பாருங்கள். நீளத்தில் பாதியை வெட்ட வேண்டியிருக்கும், ஆனால் வாயின் வளைவு உதவலாம்.

உங்கள் மச்சானுக்கு நான் சொல்வது இது. 1948-இல் அதே சாப்மன், மாணவராக இருந்தபோது, காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில், பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்து முதல் காரைக் கட்டினார். லோட்டஸ் அங்கிருந்துதான் வந்தது. அவர் முன்னாலும் பழைய கார்தான் இருந்தது. ஒரு பொருள் ஏன் அப்படி இருக்கிறது என்று தன் கையால் செய்து பார்த்துக் கற்பது காப்பி ஆகாது. விசைத்தறியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த உங்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஓட்டும் இடம் பற்றி. பொதுச் சாலையில் ஓட்டவே கூடாது. இப்படிக் கட்டிய வண்டிக்குப் பதிவு கிடைக்காது, இன்சூரன்ஸும் இல்லை. ஊருக்கு வெளியே காலியான ரோடு என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் ஓடுதளம் இருக்கிறது. சுற்று 2.1 கிலோமீட்டர், குட்டைக் காருக்கு ஏற்ற வளைவுகள். போட்டி இல்லாத நாள்களில் அனுமதியும் கட்டணமும் என்ன, வண்டியில் என்னென்ன பாதுகாப்புப் பொருள் பார்ப்பார்கள் என்று வெல்டிங் தொடங்கும் முன்பே நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வளையத்தின் குழாய் அளவை அவர்கள் சொல்வதுபோலவே வாங்கிவிடலாம்.

தரையில் போட்ட கோட்டின் அளவுகளையும் இன்ஜின் உட்காரும் இடத்தையும் ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். குழாய் வெட்டும் முன் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.