மூணு மாசமா சைட் இருக்கு, கூகுள்ல ஏன் காணோம்?

இந்த வாரம் வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி ஒரே விஷயத்தப் பத்திதான், அதனால அதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம் அண்ணா. எங்க வீட்ல மூணு தலைமுறையா கைலி நெசவு. என் பையன் வேர்ட்பிரஸ்ல ஒரு சைட் போட்டுக் குடுத்து மூணு மாசம் ஆச்சு. கடை பேர முழுசா அடிச்சாலே கூகுள்ல வர மாட்டேங்குது. புது சைட்டுன்னா இன்னாத்துக்கு இப்படி ஒதுக்கறாங்க?
(ஒரு வாசகி, குடியாத்தம்)

பதில்: ஒதுக்கல தங்கச்சி, நீங்க இருக்கறதே கூகுளுக்குத் தெரியல. கைலின்னு அடிச்சு வரலைன்னா அது போட்டி, ஆனா கடை பேர அடிச்சும் வரலைன்னா பெரும்பாலும் சைட் இன்னும் இண்டெக்ஸ்லயே, அதாவது கூகுள் தேடிக் காட்டறதுக்கு வெச்சிருக்கற பட்டியல்லயே, ஏறலைன்னு அர்த்தம். பையன ஒரு வேலை செய்யச் சொல்லுங்க. கூகுள்ல சைட்னு இங்கிலீஷ்ல அடிச்சு, மேலயும் கீழயுமா ரெண்டு புள்ளி (:) வெச்சு, நடுவுல இடம் விடாம உங்க அட்ரஸ அடிச்சுப் பாக்கட்டும். ஒண்ணுமே வரலைன்னா வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல ரீடிங்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல கீழ ‘டிஸ்கரேஜ் சர்ச் என்ஜின்ஸ் ஃப்ரம் இண்டெக்ஸிங் திஸ் சைட்’னு சின்னதா ஒரு கட்டம், அதுல டிக் விழுந்திருக்கான்னு பாருங்க. சைட் கட்டிக்கிட்டு இருக்கும்போது அரைகுறையா வெளிய தெரியக் கூடாதுன்னு அந்த டிக்க போடுவாங்க, முடிஞ்சதும் எடுக்க மறந்துடுவாங்க. எங்க மச்சானோட ஆற்காடு பேடா கடைக்கு நான் சைட் போட்டப்ப இதேதான் ஆச்சு, ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி அந்த டிக்க பாத்தேன், அதுக்குள்ள தீபாவளி போயிடுச்சு, வெளியூர் ஆர்டர் ஒண்ணு கூட வரல. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு, அதான் யார் கேட்டாலும் முதல்ல இதச் சொல்றேன்.

டிக் இல்லைன்னா, இல்ல எடுத்தாச்சுன்னா, அடுத்து கூகுள் சர்ச் கன்சோல், சைட் வெச்சிருக்கறவங்களுக்காக கூகுளே குடுக்கற ஒரு டூல். காசு கெடையாது. உங்க சைட்ட அதுல சேத்து, சைட்மேப்ப, அதாவது உங்க சைட்ல இருக்கற பக்கங்களோட பட்டியல, குடுத்துட்டு, முக்கியமான பக்கங்களுக்கு மட்டும் இண்டெக்ஸ் பண்ணச் சொல்லி ரிக்வெஸ்ட் போடுங்க. சில நாள்ல வரும், சில சமயம் சில வாரம் ஆகும், தினமும் ரிக்வெஸ்ட் போட்டா சீக்கிரம் வந்துடும்னு இல்ல.

நீங்க கடிதத்துல கடைசியா ஒரு வரி எழுதியிருந்தீங்க, கைலியப் பத்தின விவரமெல்லாம் ஒரு பெரிய கம்பெனி சைட்லேருந்து எடுத்துப் போட்டோம்னு. அங்கதான் எனக்கு மனசு கஷ்டமா ஆயிடுச்சு. ஒரே பத்தி ஏற்கனவே பத்து சைட்ல இருக்கும்போது பதினோராவதா உங்களுத எதுக்குக் காட்டணும்? சர்ச் கன்சோல்ல ‘க்ரால்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு’ன்னு வந்தா, வந்து படிச்சுப் பாத்துட்டு இப்போதைக்கு வேணாம்னு வெச்சுட்டாங்கன்னு அர்த்தம். தறி உங்க வீட்லயே ஓடுது, உங்களுக்குத் தெரிஞ்சது அந்தக் கம்பெனிக்காரருக்குத் தெரியுமா? எத்தனையாம் நம்பர் நூல், மூட்டுன கைலியா மூட்டாததா, ரெண்டு மீட்டரா ரெண்டே காலா, உயரமா இருக்கறவங்க கட்டுனா கணுக்கால் வரைக்கும் வருமா, முதல் துவையல்ல சாயம் எவ்வளவு போகும், எத்தனாவது துவையல்ல நிக்கும். கடைக்கு வர்றவங்க கையில தடவிப் பாத்துக்கிட்டே இதத்தானே கேக்கறாங்க, நீங்களும் நின்னு பதில் சொல்றீங்களே, அந்தப் பதில அப்படியே எழுதுங்க. போட்டோவும் உங்க தறில எடுத்ததா இருக்கட்டும்.

அப்புறம் லிங்க். பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடி தெருவுல நாலு பேர்கிட்ட விசாரிக்கறோம் இல்லையா, கூகுளும் அதத்தான் பண்ணுது. 1998ல ஸ்டான்ஃபோர்ட்ல படிச்சுக்கிட்டிருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் பேஜ்ரேங்க்னு ஒண்ண எழுதினாங்க, ஒரு சைட்டுக்கு மத்த சைட்டுங்க லிங்க் குடுத்தா அது ஒரு சிபாரிசு, அதுலயும் நாலு பேர் மதிக்கற சைட் குடுத்தா பெரிய சிபாரிசு. இப்ப இன்னும் எத்தனையோ விஷயத்தப் பாக்கறாங்க, ஆனா இது போகல. புது சைட்டுக்கு விசாரிக்க ஆளே இல்ல, அதான் தடுமாறுது. உங்க கைலிய எடுத்து விக்கிற வெளியூர் கடைக்காரர் அவர் சைட்ல உங்க பேரப் போட்டு லிங்க் குடுக்கட்டும், நெசவாளர் சங்கத்துக்கு சைட் இருந்தா அதுலயும் கேளுங்க. கூச்சப்படாதீங்க, நெசமா வியாபாரம் நடக்குது, நெசமான லிங்க்.

எவ்வளவு நாள் ஆகும்னா, 2017ல கூகுளே ஒரு வீடியோவுல சொன்னது, வேலைய ஒழுங்கா பண்ணாலும் பலன் தெரிய நாலு மாசத்துலேருந்து ஒரு வருஷம். உங்களுக்கு மூணு மாசம்தான் ஆகுது.

கேள்வி: சார், ஆஸ்பத்திரி பக்கத்துல 14 ரூம் லாட்ஜ் வெச்சிருக்கேன். வேலூர் லாட்ஜ்னு தேடுனா முதல் பக்கம் முழுக்க பெரிய புக்கிங் கம்பெனிங்கதான். எங்க சைட் எட்டாவது பக்கம். முன்னாடி வர வழி இருக்கா?
(ஒரு வாசகர், வேலூர்)

பதில்: அந்த வார்த்தைக்கு இப்போதைக்கு வழி இல்ல சார், நேராவே சொல்லிடறேன். புக்கிங் டாட் காம் 1996ல ஆரம்பிச்சது, மேக்மைட்ரிப் 2000ல. அத்தனை வருஷமா சேந்த லிங்க்க நீங்க ஆறு மாசத்துல தாண்ட முடியாது. ஆனா உங்க ரூமுக்கு வர்றது யாரு? காந்தி ரோட்டுல நடந்தா பாதி போர்டு பெங்காலில, கொல்கத்தாவுலேருந்தும் பங்களாதேஷ்லேருந்தும் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்து பத்து நாள், ஒரு மாசம்னு தங்கறவங்க. அவங்க வெறும் லாட்ஜ்னு தேட மாட்டாங்க. சமைக்க அடுப்போட ரூம் கெடைக்குமா, காட்பாடி ஸ்டேஷன்ல இறங்கி எப்படி வர்றது, மாச வாடகை உண்டா, வீல்சேர் உள்ள போற அளவுக்கு பாத்ரூம் கதவு அகலமா, லிஃப்ட் இருக்கான்னு தேடுவாங்க, அதுவும் பெங்காலில இல்லைன்னா இந்தில. பெரிய கம்பெனிக்காரன் இதையெல்லாம் உக்காந்து எழுத மாட்டான். உங்க ரிசப்ஷன்ல பெங்காலி தெரிஞ்ச பையன் இருந்தா அவன வெச்சு நாலு பக்கம் எழுத வைங்க, மெஷின்ல மொழிபெயர்த்து அப்படியே ஒட்ட வேணாம்.

இன்னொண்ணும் எழுதுங்க. 2022ல சிஎம்சியோட ராணிப்பேட்டை கேம்பஸ் வந்ததுலேருந்து, அப்பாயின்ட்மென்ட் எந்த கேம்பஸ்ல இருக்குன்னு பாக்காம டவுன்ல ரூம் போட்டுட்டு, நோயாளிய வெச்சுக்கிட்டு அலையறாங்க. சீட்டுல எந்த இடத்தப் பாக்கணும், எங்க லாட்ஜ் எந்த கேம்பஸுக்குக் கிட்டன்னு தெளிவா ஒரு பக்கம் போடுங்க. அதப் படிச்சுட்டு ஒருத்தர் உங்க லாட்ஜுக்கு வராமலே போகலாம், பரவாயில்ல, அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாள் மிச்சம்.

கூகுள் மேப்ல பிசினஸ் ப்ரொஃபைல் போட்டாச்சா? இல்லைன்னா இன்னிக்கே போடுங்க. அங்க தேடுற விஷயத்துக்குப் பொருத்தமா இருக்கா, எவ்வளவு தூரம், எவ்வளவு பிரபலமா இருக்கு, இந்த மூணுதான் கணக்கு. தூரத்துல உங்கள யாரும் அடிச்சுக்க முடியாது.

கேள்வி: ஒருத்தர் 18,000 கட்டுங்க, 5,000 லிங்க் போட்டு ஒரே வாரத்துல முதல் பக்கத்துக்குக் கொண்டு வர்றேன்னு சொல்றாரு. கட்டலாமா?
(ஒரு வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: கட்டாதீங்க தம்பி, தயவு செஞ்சு கட்டாதீங்க. முதல் இடம் வாங்கித் தர்றேன்னு யாராலயும் உத்தரவாதம் குடுக்க முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு. அந்த 5,000 லிங்க்கும் யாரும் படிக்காத குப்பை சைட்டுங்கள்லேருந்து வரும். 2012 ஏப்ரல்ல பெங்குவின்னு ஒரு அப்டேட் விட்டாங்க, இந்த மாதிரி காசு குடுத்து லிங்க் சேத்தவங்க சைட்டெல்லாம் சடசடன்னு கீழ போச்சு, இப்பல்லாம் பெரும்பாலும் அந்த லிங்க்க கணக்குலயே எடுக்க மாட்டாங்க, உங்க காசு தண்ணில போன மாதிரிதான். அந்த 18 ஆயிரத்துல சைட்ட போன்ல வேகமா தெறக்கற மாதிரி சரி பண்ணுங்க, ஏன்னா கூகுள் இப்ப பாக்கறது போன்ல தெரியற பக்கத்தத்தான். கூகுள்ல விளம்பரம் குடுத்தா ரேங்க் ஏறுமான்னும் கேட்டிருந்தீங்க. ஏறாது. விளம்பரம் குடுக்கற நாள்ல மேல தெரியும், நிறுத்துனா போயிடும், அது தனிக் கணக்கு.

கேள்வி: சைட்ல அட்ரஸ் வேலூர் மாவட்டம்னு இருக்கு, மேப்ல ராணிப்பேட்டை மாவட்டம்னு இருக்கு. இதனால ஏதாவது பிரச்சனையா?
(ஒரு வாசகர், ஆற்காடு)

பதில்: நம்ம ஊருக்கே உண்டான சிக்கல் இது. 1989ல வட ஆற்காட்ட ரெண்டா பிரிச்சாங்க, 2019ல வேலூர மூணா பிரிச்சாங்க, விசிட்டிங் கார்டுல இன்னும் வட ஆற்காடுன்னு போட்டிருக்கறவங்களும் இருக்காங்க. இதுக்காக ரேங்க்க இறக்கிட மாட்டாங்க, ஆனா ஒரே கடை ரெண்டு மூணு அட்ரஸோட இருந்தா அது ஒரே கடைதானான்னு மெஷினுக்குக் குழப்பம் வரும். சைட், மேப், ஃபேஸ்புக், பில் புக் எல்லாத்துலயும் ராணிப்பேட்டை மாவட்டம்னே மாத்துங்க, பின்கோடும் போன் நம்பரும் ஒரே மாதிரி இருக்கட்டும். பழைய பேர்ல தேடறவங்களுக்காக எங்களப் பத்தி பக்கத்துல ‘முன்ன வேலூர் மாவட்டத்துல இருந்த ஆற்காடு’ன்னு ஒரு வரி சேத்துடுங்க, போதும்.