'பண்ணிடலாம் சார்' என்றேன், இப்போது பணம் தர மறுக்கிறார்!

கேள்வி: கிருஷ்ணகிரியில் சின்ன அளவில் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். காவேரிப்பட்டணம் ரோட்டில் ஒரு புது வீட்டுக்கு 8,60,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தேன். வீட்டுக்காரருக்கு பெங்களூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. வாட்ஸ்அப்பில் 'ஓகே, ஆரம்பிங்க' என்றார். இதுவரை 6,50,000 கொடுத்திருக்கிறார். நடுவில் கிச்சனுக்கு லேமினேட் வேண்டாம், அக்ரிலிக் போடுங்கள் என்றார். இரண்டு பெட்ரூமுக்கு லாஃப்ட், பூஜை அறைக்குத் தேக்குக் கதவு என்று சேர்ந்துகொண்டே போனது. கூடுதல் 1,45,000. இப்போது கேட்டால், கொட்டேஷனுக்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டேன், கிரகப்பிரவேசத்துக்குள் முடிக்கவில்லை, ஷட்டரில் ஓரம் பிரிகிறது, அதனால் பழைய பாக்கியும் கிடையாது என்கிறார். ஆறு வார்ட்ரோப் ஷட்டர் இன்னும் என் பட்டறையில்தான் இருக்கிறது. அதைத் தராமல் வைத்துக்கொள்ளலாமா? மாட்டியதைக் கழற்றி வந்துவிடலாமா? போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: கழற்றும் எண்ணத்தை முதலில் விடுங்கள். சுவரில் மாட்டிய நிமிடமே அது அவர் வீட்டின் பகுதி ஆகிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே போனால், பணம் கேட்கும் ஆளாக இருந்த நீங்கள் அத்துமீறி நுழைந்த ஆளாகிவிடுவீர்கள். போலீஸுக்குப் போனால் மனு ரசீது தருவார்கள், அப்புறம் 'இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க' என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். பாக்கி வசூல் செய்வது அவர்கள் வேலை இல்லை.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பொறுமையாகப் படித்தேன். அவர்: 'கிச்சன்ல அக்ரிலிக் போட்டா நல்லா இருக்கும்ல?' நீங்கள்: 'சூப்பரா இருக்கும் சார், பண்ணிடலாம்.' அதற்குக் கீழே அவருடைய கட்டைவிரல் படம். சரி, இதில் விலை எங்கே? வழக்கின் பலவீனம் மொத்தமும் இந்த மூன்று வரியில்தான் இருக்கிறது.

ஆனால் விலை சொல்லாததால் பணமே இல்லை என்று ஆகிவிடாது. பேச்சளவில் நடந்த ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவும் உங்கள் பக்கம் நிற்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் முறையாக ஒரு வேலையைச் செய்து, இன்னொருவர் அதன் பலனை அனுபவித்தால், அனுபவித்தவர் ஈடு தர வேண்டும். அந்த கிச்சனில் அவர் தினமும் சமைக்கிறார் அல்லவா? எவ்வளவு என்பதுதான் நீங்கள் நிரூபிக்க வேண்டியது. அக்ரிலிக்குக்கு முழு விலை கேட்காதீர்கள், லேமினேட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கடை பில்லோடு கேளுங்கள். லாஃப்டுக்கு உங்கள் கொட்டேஷனிலேயே சதுர அடி ரேட் இருக்கிறது, அதே ரேட்டைப் போடுங்கள். பூஜைக் கதவுக்கு அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று இருக்கிறது: 'செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க, நல்லா வரணும்.' உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய சாட்சி அதுதான். (சாமி கதவு என்றால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, பில் வந்த பிறகுதான் பார்ப்பார்கள்.)

இந்த மெசேஜ்கள் இருக்கும் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவை சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் போதாது.

தாமதம் பற்றி அவர் சொல்வதற்கு நான் அதிகம் பயப்படமாட்டேன். கிரகப்பிரவேசத் தேதி தாண்டிய பிறகும் 'அடுத்த மாசத்துக்குள்ள முடிச்சா போதும்' என்று எழுதியிருக்கிறார். கிரானைட் பார்க்க பர்கூர் பக்கம் போனவர் மூன்று வாரம் கழித்துத்தான் எந்தக் கல் என்று சொன்னார் என்பதும் அதே சாட்டில் இருக்கிறது. குறித்த நாளில் முடியாத வேலையைப் பிறகு ஏற்றுக்கொள்ளும்போது, நஷ்ட ஈடு கேட்பேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவு. அவர் சொல்லவில்லை.

ஓரம் பிரிவதுதான் சங்கடம். போட்டோவில் எட்ஜ் பேண்ட் (பலகை ஓரத்தில் ஒட்டும் பட்டை) நன்றாகவே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அது உங்கள் வேலையின் குறை, ஒப்புக்கொள்ளுங்கள். ஏனென்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு அவர் போக முடியும், சேவை கொடுத்தவரான நீங்கள் போக முடியாது. அவர் கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் இருப்பதால் அவருக்குக் கட்டணம் வெறும் 200 ரூபாய். இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. உங்களுக்கு சிவில் வழக்குதான், வேலை முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆறு ஷட்டரையும் பிடித்து வைத்தால் 'வேலையே முடியவில்லை, பாக்கி எப்படி வரும்?' என்று கேட்பார். வைத்துக்கொள்வது குற்றமில்லை, ஆனால் உங்கள் கணக்குக்கு உதவாது. 'ஷட்டர் தயார், இந்தத் தேதியில் மாட்டித் தருகிறேன், அன்றே பாக்கியைத் தாருங்கள்' என்று எழுத்தில் சொல்லிவிட்டால் பந்து அவர் பக்கம் போய்விடும்.

கோர்ட்டுக்கு முன், கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்குப் போடாமலேயே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசலாம், கட்டணம் கிடையாது. அங்கே சமரசமாகிக் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைப் போன மாதம்தான் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். வேலையில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்துவிட்டதால், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் கூட்டு வட்டி என்ற சலுகையை நம்பி உட்காராதீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரே பக்கத்தில் கணக்கு எழுதி அனுப்புங்கள்: கொட்டேஷன், கூடுதல் வேலை ஒவ்வொன்றும் தனித்தனியாக, வாங்கிய பணம், பாக்கி 3,55,000. ஓரம் பிரிந்ததை இலவசமாகச் சரிசெய்வதாக ஒரு வரி சேருங்கள். ஞாயிறு காலை அவர் வந்ததும் ஆசாரியையும் எட்ஜ் பேண்ட் ரோலையும் கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள். அதற்கும் பதில் வரவில்லை என்றால் திங்கட்கிழமை வக்கீல் நோட்டீஸ் போகட்டும்.